அடுத்த கணினியின் ட்ரைவ் யாருக்குத் திறக்கும்?

எம்மவர் நடத்தும் கணக்காளர் அலுவலகம், மொழிபெயர்ப்பு நிலையம், பலசரக்குக் கடையின் பின்னறை, தமிழ்ப் பாடசாலை நிர்வாகம் என்று எதை எடுத்தாலும் இன்று இரண்டு மூன்று கணினிகளாவது இருக்கும். ஒன்றில் செய்த விலைச்சிட்டை மற்றதில் தேவைப்படும். பல இடங்களில் இதற்கு இன்னமும் பென் ட்ரைவ்தான் மேசைக்கு மேசை போய் வருகிறது. அல்லது ஒருவர் தனக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பி மற்றக் கணினியில் திறக்கிறார். கொஞ்ச நாளில் ஒரே கோப்புக்கு நான்கு பிரதிகள் வந்துவிடும். அவற்றில் எது கடைசி என்று எவருக்கும் தெரியாது.

அந்தக் கணினிகள் எல்லாம் ஒரே றவுட்டரில் இணைந்திருந்தால், ஒன்றில் இருக்கும் ட்ரைவை மற்றதில் இருந்து நேரடியாகத் திறக்கலாம். புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. வின்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் அடுத்த கணினியைத் திறக்க முடியும் என்றால், உங்கள் கணினியையும் இன்னொருவர் திறக்க முடியும். இரண்டும் ஒரே வழியால்தான் நடக்கின்றன. எனவே சொந்தத் தொழிலும் சங்கமும் நடத்துவோர் மட்டுமல்ல, மற்றவர்களின் அலுவலகங்களில் வேலை செய்யும் எம்மவர்களும் இதை விளங்கி வைத்திருப்பது நல்லது. எமது குடும்பங்களின் கடதாசிகள் சாதாரணக் கடதாசிகள் அல்ல.

கணினிகள் பேசிக்கொள்வது எப்படி?

ஒரு கணினி இன்னொன்றின் கோப்பைக் கேட்பதற்கு இரண்டுக்கும் பொதுவான ஒரு பேச்சு முறை வேண்டும். வின்டோஸ் பயன்படுத்தும் முறையின் பெயர் எஸ்எம்பி. 1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி பைகன்பாம் என்பவர் இதை உருவாக்கினார். பிறகு மைக்ரோசொப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1991 இறுதியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் மாணவராக இருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், வின்டோஸ் அல்லாத கணினிகளும் இதே முறையில் பேசுவதற்கான மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுவே பின்னர் சாம்பா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. கடைகளில் வாங்கும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இன்று இயங்குவது சாம்பாதான். அப்பிள் கணினிகளும் 2013 முதல் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பியையே முதல் தெரிவாக வைத்திருக்கின்றன.

நடப்பது இதுதான். உங்கள் கணினி மற்றதிடம் ஒரு கோப்புறையைக் கேட்கிறது. மற்றது முதலில் நீங்கள் யார் என்று கேட்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போகின்றன. தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து, இவருக்கு இடம் உண்டா, உண்டென்றால் வாசிக்க மட்டுமா, மாற்றவும் அழிக்கவுமா என்று அது முடிவு செய்கிறது. வன்தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது; கேட்ட கோப்பு மட்டும் வந்து போகிறது. ஆகவே முக்கியமான கேள்வி கணினிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதல்ல. யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதே.

ஒரு கோப்புறையைப் பகிர்வது

கோப்புகள் இருக்கும் கணினிக்குப் போங்கள். பகிர வேண்டிய கோப்புறையில் வலது பக்கம் சொடுக்கி, 'புறொப்பர்ட்டீஸ்' திறந்து, 'ஷெயாரிங்' பகுதியில் பகிர்வை இயக்குங்கள். உங்கள் வின்டோஸ் பிரெஞ்சிலோ யேர்மன் மொழியிலோ நோர்வே மொழியிலோ இருந்தால் சொற்கள் வேறாக இருக்கும், இடம் அதேதான்.

பிறகு மற்றக் கணினியில் கோப்பு உலாவியைத் திறந்து, மேலே முகவரி எழுதும் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு, கணினியின் பெயர், மீண்டும் ஒரு பின்சாய்கோடு, பகிர்வின் பெயர் என்று எழுத வேண்டும். உதாரணமாக \\கணக்கு1\விலைச்சிட்டை. தினமும் எழுதுவது கரைச்சல் என்றால் 'மப் நெற்வேர்க் ட்ரைவ்' என்ற வசதியால் அதற்கு இசட் போன்ற ஓர் எழுத்தைக் கொடுக்கலாம். அதன்பின் சி, டி ட்ரைவ்களுக்குப் பக்கத்தில் இசட் ட்ரைவும் இருக்கும். சங்கச் செயலாளருக்கு அது எங்கே இருக்கிறது என்று விளக்கவே தேவையில்லை.

வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

மற்றக் கணினி உறக்க நிலையில் இருக்கலாம். உறங்கும் கணினி பதில் சொல்லாது.

வலையமைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அப்போது தீச்சுவர் பகிர்வைத் தடுக்கும். சொந்த அலுவலகம் என்றால் அதை 'பிரைவேற்' என மாற்ற வேண்டும்.

கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்க 'பின்' எண்ணைக் கடவுச்சொல்லாகக் கொடுத்திருக்கலாம். அந்த எண் அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டுமே. வலையமைப்பு வழியாக வருபவரிடம் உண்மையான கடவுச்சொல்லையே கேட்கும். கடவுச்சொல் இல்லாத கணக்கை வின்டோஸ் வலையமைப்பு வழியே உள்ளே விடாது.

உங்கள் கணக்கு உங்கள் கணினியில் மட்டும் இருக்கலாம். சிறிய அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும். கோப்பு இருக்கும் கணினியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் களைத்துப் போகிறார்கள். களைப்பில், 'பாஸ்வேர்ட்' பாதுகாப்புடன் பகிர்தல் என்ற தெரிவையே நிறுத்திவிட்டு, அனைவருக்கும் முழு உரிமை கொடுத்துவிடுகிறார்கள். உடனே எல்லாம் வேலை செய்கிறது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அந்த றவுட்டரின் வைஃபை கடவுச்சொல் கடைச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் வெளியே வாகனத்தில் இருந்தபடி மடிகணினியில் உங்கள் இசட் ட்ரைவைத் திறக்கலாம். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பூட்டே போடப்படவில்லை.

இரண்டு பூட்டுகள்

பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு அனுமதிப் பட்டியல்கள் உண்டு. ஒன்று பகிர்வுக்கானது. வலையமைப்பு வழியாக வருபவருக்கு மட்டுமே இது பொருந்தும். மற்றது கோப்புறைக்கே உரியது. அந்தக் கணினியின் முன்னால் இருப்பவருக்கும் வெளியில் இருந்து வருபவருக்கும் இரண்டாவது பட்டியல் பொருந்தும். வெளியில் இருந்து வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். பகிர்வில் முழு உரிமை இருந்தாலும் கோப்புறையில் வாசிக்கும் உரிமை மட்டும் இருந்தால், அவர் வாசிக்க மட்டுமே முடியும்.

ஆகவே முழு சி ட்ரைவையும் பகிர வேண்டிய தேவை எவருக்கும் வராது. வேலைக்கு வேண்டிய ஒரு கோப்புறையை மட்டும் பகிருங்கள். அதற்குள் மாற்றங்கள் செய்ய வேண்டிய ஒருவருக்கோ இருவருக்கோ மாற்றும் உரிமை கொடுங்கள். மற்றவர்களுக்கு வாசிக்கும் உரிமை போதும்.

டொலர் குறி போட்ட பகிர்வுகள்

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். நீங்கள் எதையும் பகிராவிட்டாலும் வின்டோஸ் தானாகவே சில பகிர்வுகளை உருவாக்கி வைத்திருக்கிறது. சி ட்ரைவுக்கு சி$, டி ட்ரைவுக்கு டி$ என்று அவற்றின் பெயர்கள் இருக்கும். பெயரின் முடிவில் டொலர் குறி இருந்தால் அது வலையமைப்புப் பட்டியலில் தெரியாது. பெயரை அறிந்தவர் நேரடியாக எழுதினால் மட்டுமே திறக்கும். அதுவும் அந்தக் கணினியின் நிர்வாகி உரிமை உள்ளவருக்கு மட்டும்.

இது கள்ளத்தனமாக வைத்தது அல்ல. நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள இடத்தில், தொழில்நுட்பப் பிரிவினர் ஒவ்வொரு மேசைக்கும் நடக்காமல் திருத்த வேலைகளைச் செய்வதற்காக வைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களில் எல்லாக் கணினிகளும் ஒரு மத்திய வழங்கியின் கீழ் இருக்கும். அந்த மத்திய நிர்வாகியின் பெயர் வழமையாக ஒவ்வொரு கணினியின் நிர்வாகிப் பட்டியலிலும் இருக்கும். அவர் தன் இடத்தில் இருந்தே \\உங்கள்-கணினி\சி$ என்று எழுதி, உங்கள் சி ட்ரைவைத் திறக்கலாம். உங்கள் திரையில் எந்த அறிவிப்பும் வராது, சுட்டி அசையாது. டெஸ்க்ரொப்பில் இருப்பதும், 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் இறங்கியதும், பலசமயம் நீங்கள் அழித்துவிட்டதாக நினைத்துக் குப்பைத் தொட்டியில் விட்டதும் அதே சி ட்ரைவில்தான் இருக்கின்றன. வன்தட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் இதற்குத் தடை இல்லை. அந்தப் பாதுகாப்பு, கணினி அணைந்திருக்கும்போது களவு போனால் உதவுவதற்கே.

வீட்டிலும் சிறு கடையிலும் நீங்கள் சி$ என்று எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் மறுத்துவிடும். விஸ்ராப் பதிப்புக்குப் பிறகு, மத்திய வழங்கி இல்லாத இடங்களில், சாதாரண நிர்வாகிக் கணக்கு வலையமைப்பு வழியே வரும்போது அதன் நிர்வாகி அதிகாரத்தை வின்டோஸ் கழற்றிவிடுகிறது. பதிவேட்டில் ஒரு மாற்றம் செய்தால் இது திறக்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். செய்ய வேண்டாம். ஒரு கோப்புறையைப் பகிர்ந்தாலே உங்கள் தேவை முடிந்துவிடும்.

அலுவலகக் கணினி யாருடையது?

பார்க்க முடியும் என்பது ஒன்று, பார்க்கலாமா என்பது வேறு. இது பற்றி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்துள்ளன.

பிரான்சின் தேசியத் தொடருந்து நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் தனது வேலைக் கணினியின் வன்தட்டுக்கு 'தனிப்பட்ட தரவுகள்' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார். அவர் இல்லாத நேரத்தில் நிறுவனம் அதிலிருந்த கோப்புகளைத் திறந்து பார்த்தது. கண்டவற்றை வைத்து 2008இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. தனது அந்தரங்கம் மீறப்பட்டது என்று அவர் வழக்குப் போட்டார். 2018 பெப்ரவரி 22 அன்று வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. பிரான்சில் வேலைக் கணினியில் இருக்கும் கோப்புகள் வேலைக்குரியவை என்றே முதலில் கருதப்படும். அந்தரங்கம் என்று தெளிவாகக் குறித்த கோப்புகளை மட்டுமே, கடும் ஆபத்து இருந்தாலன்றி, ஊழியரை அழைக்காமல் திறக்க முடியாது. வன்தட்டுக்கு வைத்த பொதுப் பெயர் அந்தக் குறிப்புக்கு ஈடாகாது என்று நீதிமன்றங்கள் கருதின.

இதற்கு ஐந்தரை மாதங்கள் முன்பு, 2017 செப்டெம்பர் 5 அன்று, ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. அவரது தனிப்பட்ட செய்திகளை நிறுவனம் கண்காணித்திருந்தது; எந்த அளவுக்குக் கண்காணிப்பார்கள் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், நிறுவனத்துக்கு வரம்பு உண்டு என்பதும், ஆனால் அந்த வரம்பை நம்பிக் கோப்புகளை அங்கே வைப்பது புத்தியல்ல என்பதும் விளங்கும். வழக்கில் வென்றாலும் பார்த்த கண் பார்த்ததுதான்.

எம்மவர்களில் பலர் வீட்டில் கணினி இல்லாத காலத்தில் வேலையிடத்தில்தான் கடிதங்களை எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்னமும் விட்டுப்போகவில்லை. தஞ்ச வழக்கின் வாக்குமூலம், மருத்துவ அறிக்கை, ஊரில் இருக்கும் உறவினரின் அடையாள அட்டைப் பிரதி, பணம் அனுப்பிய விபரம் எல்லாம் ஒரு சின்ன அவசரத்தில் அலுவலக ஸ்கானரில் போய், அலுவலக சி ட்ரைவில் தங்கிவிடுகின்றன. அவற்றில் உங்கள் பெயர் மட்டும் இல்லை. அனுமதி கேட்கப்படாத இன்னும் பலரின் பெயர்களும் இருக்கின்றன. வேலைக் கணினியில் வேலைக் கோப்புகளை மட்டும் வைத்திருப்பதே பாதுகாப்பு.

அதே வழியால் வந்த திருடர்கள்

2017 மே 12 அன்று 'வன்னாகிரை' என்ற தீநிரல் 150 நாடுகள் வரை பரவி, இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவ சேவையின் 236 அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. பல நோயாளிகளின் சந்திப்புகள் கைவிடப்பட்டன. அது கணினிக்குக் கணினி தாவிய வழி, எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாத கணினிகளே மாட்டிக்கொண்டன.

ஆறு வாரம் கழித்து, யூன் 27 அன்று 'நொட்பெற்யா' வந்தது. உக்ரேனியக் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் புகுந்த அது, அதே ஓட்டையைப் பயன்படுத்தியதோடு நிற்கவில்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் இருந்து நிர்வாகியின் கடவுச்சொல்லை எடுத்து, மேலே சொன்ன டொலர் குறிப் பகிர்வுகள் வழியாக மற்றக் கணினிகளுக்குள் போனது. திருத்தம் போட்ட கணினிகளும் விழுந்தன. ஏனென்றால் வந்தது நிர்வாகியின் பெயரில். டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டி வந்தது. அதன் மத்திய பட்டியலின் ஒரேயொரு நல்ல பிரதி கானாவில் தப்பியிருந்தது. தாக்குதல் நடந்தபோது அங்கே மின்சாரம் நின்றிருந்ததே காரணம்.

சிறு அலுவலகத்திலும் இதுவே சிறிய அளவில் நடக்கும். ஓர் ஊழியர் மின்னஞ்சலில் வந்த போலி விலைச்சிட்டையைத் திறக்கிறார். உள்ளே வந்த தீநிரலுக்கு அவருக்கு இருக்கும் உரிமைகள் எல்லாம் கிடைக்கின்றன. அவரால் இசட் ட்ரைவில் மாற்றம் செய்ய முடியுமென்றால் அதாலும் முடியும். அவருக்கு வாசிக்கும் உரிமை மட்டும் இருந்திருந்தால் இசட் ட்ரைவ் தப்பியிருக்கும். மற்றவர்களுக்கு வாசிக்கும் உரிமை போதும் என்று சொன்னதன் காரணம் ஊழியர் மேல் சந்தேகம் அல்ல.

செய்ய வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். ஒருவர் விலகிப் போகும்போது அவருடைய கணக்கை மட்டும் மூடிவிடலாம். நிர்வாக சபை மாறும் சங்கங்களுக்கு இது மிக அவசியம்.

வாடிக்கையாளருக்கும் விருந்தினருக்கும் றவுட்டரில் தனி வைஃபை திறந்து கொடுங்கள். பெரும்பாலான றவுட்டர்களில் அந்த வசதி உண்டு.

எஸ்எம்பி முதற்பதிப்பை நிறுத்தி வையுங்கள். 2017 இறுதிக்குப் பின் வந்த வின்டோஸ்களில் அது இயல்பாக இல்லை. பழைய ஸ்கானரோ போட்டோகொப்பி இயந்திரமோ வேலை செய்ய வேண்டும் என்று யாராவது அதை மீண்டும் இயக்கியிருக்கலாம், பாருங்கள். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

வீட்டில் இருந்து அலுவலக ட்ரைவைத் திறக்க வேண்டும் என்பதற்காக, றவுட்டரில் 445 என்ற எஸ்எம்பி வாசலை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம். உலகில் எங்கிருந்தும் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். விபிஎன் வழியாக முதலில் அலுவலக வலையமைப்புக்குள் வந்து, அதன்பின் ட்ரைவைத் திறப்பதே முறை.

வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, அந்த வன்தட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். எப்போதும் கொழுவியே இருக்கும் பிரதியைத் தீநிரலும் கண்டுபிடிக்கும். கானாவில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறர் விபரங்களை வைத்திருக்கும் அமைப்புகளுக்குச் சட்டக் கடமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம் போன்ற விபரங்களுக்கு விசேட பாதுகாப்புக் கேட்கிறது. விபரங்கள் கசிந்து அதனால் ஆட்களுக்கு ஆபத்து வரக்கூடும் என்றால், அறிந்த 72 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். பிரித்தானியாவிலும் இதையொத்த சட்டமே இருக்கிறது. தமிழ்ப் பாடசாலையின் பிள்ளைகள் பட்டியல், கோயில் உபயகாரர் விபரம், மொழிபெயர்ப்பாளரின் கோப்புறையில் இருக்கும் வாக்குமூலங்கள் ஆகியவை மற்றவர்கள் எம்மை நம்பித் தந்தவை. ஊரில் இன்னமும் வாழும் ஒருவரின் பெயர் அவற்றில் இருந்தால், அது வெளியே போவதன் விலையைச் செலுத்துவது நாம் அல்ல, அவர்.

உங்கள் அலுவலகத்தின் நிலையை அறிய ஐந்து நிமிடம் போதும். கோப்புகள் இருக்கும் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, நெற் ஷெயார் என்று ஆங்கில எழுத்தில் நடுவே ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள். அந்தக் கணினி வெளியே காட்டும் எல்லாப் பகிர்வுகளும் வரிசையாக வரும். டொலர் குறி இல்லாத ஒவ்வொன்றையும் எடுத்து, யாருக்காக இது திறக்கப்பட்டது, அவர் இன்னும் இங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் தெரியாத பகிர்வை நிறுத்திவிடுங்கள். உண்மையில் தேவைப்படுபவர் மறுநாள் காலையிலேயே வந்து கேட்பார். அவருக்கு அவருடைய பெயரில் மீண்டும் திறந்து கொடுக்கலாம்.